புதுச்சேரியில் மேரி கட்டடம் எழுந்துவிட்டது, நகர்மன்றம் எப்போது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அண்ணன் மருந்துக் கடை வைத்திருக்கிறார். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு சொத்து வரியைச் சீரமைத்தபோது, கடலூர் போன்ற மாநகராட்சிகளில் வணிகக் கட்டடங்களுக்கான வரி 100 விழுக்காடு உயர்ந்தது. அண்ணனின் கடைக்கு வந்த கேட்புத் தொகையும் அப்படியே இரண்டு மடங்காயிற்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், பிப்ரவரி 19ஆம் தேதி நடந்த தேர்தலில், மாநகராட்சியாகத் தரம் உயர்ந்திருந்த கடலூரின் 45 வார்டுகளுக்கும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்கள். அண்ணன் தன் வார்டு கவுன்சிலரைத் தேடிப் போனார். வரி குறையவில்லை. ஆனால் எதற்காக உயர்ந்தது, மத்திய வரி வருவாயைப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு சொத்து வரி குறித்து விதித்த நிபந்தனை என்ன, மாமன்றத்தில் அந்தத் தீர்மானத்தை யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்பதையெல்லாம் கேட்டு அறிந்துகொண்டு வந்தார். வாக்குக் கேட்டு வீட்டு வாசலில் நின்ற ஒருவர், தெருவின் கோபத்தை நேருக்கு நேர் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

நான் புதுச்சேரியில் எலெக்ட்ரிக்கல் சாமான் கடை நடத்துகிறேன். அண்ணன் கடையிலிருந்து என் கடைக்குப் பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம்தான். எனக்கும் கட்டட வரி உண்டு, தொழில் வரி உண்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய வணிக உரிமம் உண்டு. கோரிக்கையோடு போய் நிற்பதற்குக் கவுன்சிலர் இல்லை. புதுச்சேரி, உழவர்கரை, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய ஐந்து நகராட்சிகளிலும், அரியாங்குப்பம் முதல் திருமலைராயன்பட்டினம் வரையுள்ள, கிராமப்புற உள்ளாட்சிகளான பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளிலும், 2011க்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் எதுவும் கூடவில்லை. 1968க்குப் பிறகு இங்கே நடந்த ஒரே உள்ளாட்சித் தேர்தல் 2006இல் நடந்தது. அப்போது பிறந்த குழந்தை இன்று சட்டமன்றத்துக்கு வாக்களிக்கும் வயதை எட்டிவிட்டது. தன் வார்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மட்டும் அதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

உள்ளாட்சி என்பதே அறியாத ஊராக இருந்திருந்தால் இதைப் புரிந்துகொள்ளலாம். பிரெஞ்சு ஆட்சியின் கீழ் 1880ஆம் ஆண்டின் ஆணையால் இங்கே கொம்யூன்கள் அமைந்தன. மேயர் என்ற பதவி எங்கள் தாத்தாக்களுக்குப் பழக்கமான ஒன்று. இந்த ஒன்றியப் பகுதியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேர், அதற்கு முன் புதுச்சேரியின் மேயராக இருந்தவர். அந்த மேயர்களின் அலுவலகமாக இருந்த கடற்கரைச் சாலை மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கியின் நிதியுதவியுடன் பழைய வடிவம் மாறாமல் மீண்டும் கட்டப்பட்டு, 2021 பிப்ரவரியில் பிரதமரால் திறந்துவைக்கப்பட்டது. அந்தக் கட்டடத்தை மீட்டதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. அதற்குள் அமர வேண்டிய மன்றத்தை மீட்பதற்கு அதே அளவு அக்கறை காட்டப்படவில்லை என்பதே என் வருத்தம்.

மன்றம் இல்லாததால் தெருவிளக்கு எரியாமல் போய்விடவில்லை, குப்பை அள்ளப்படாமலும் இல்லை. ஆணையரும் ஊழியர்களும் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் பலர் நேர்மையாகவும் கடுமையாகவும் உழைப்பவர்கள். நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. ஒரு திட்டம் வகுக்கப்படும்போதும், அதற்கு நிதி ஒதுக்கப்படும்போதும், ஒரு வரி கூட்டப்படும்போதும் தள்ளுபடி செய்யப்படும்போதும், அந்த முடிவை எடுத்தவரைப் பொதுக் கூட்டத்தில் உட்காரவைத்து ‘ஏன்’ என்று கேட்கும் அதிகாரம் பெற்ற ஓர் அமைப்பு நகரத்துக்கு வேண்டும். அது இல்லாத இடத்தில் நல்ல முடிவுகூடத் தயவாகத்தான் வந்து சேர்கிறது. தயவைக் கணக்குக் கேட்க முடியாது. அடுத்த ஆண்டும் அது வரும் என்று நம்பித் தொழிலைத் திட்டமிடவும் முடியாது.

இங்கிலாந்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் தங்கை மகன் அங்குள்ள நடைமுறையைச் சொன்னபோது இந்த வேறுபாடு எனக்கு இன்னும் தெளிவாயிற்று. அங்கே வணிகக் கட்டடங்களுக்கு அவற்றின் மதிப்பிட்ட ஆண்டு வாடகையை அடிப்படையாகக் கொண்டு வரி விதிக்கிறார்கள். அந்த மதிப்பு 12,000 பவுண்டுக்கு மிகாத ஒரே ஒரு கடை வைத்திருக்கும் சிறு வணிகருக்கு முழு விலக்கு; 15,000 பவுண்டு வரை விலக்கு படிப்படியாகக் குறையும். கொரோனாவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் சில்லறைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் 75 விழுக்காடு தள்ளுபடி இருந்தது. 2025–26இல் அதை 40 விழுக்காடாகக் குறைத்தார்கள். இந்தத் தள்ளுபடிகளால் உள்ளாட்சிக்கு ஏற்படும் வருவாய் இழப்பை மத்திய அரசு மானியமாக ஈடு செய்கிறது. இவை தவிர, 1988ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 47ஆவது பிரிவின்படி, உள்ளூர்க் காரணங்களுக்காகத் தள்ளுபடி தருவதற்கு அந்தந்தக் கவுன்சிலுக்கே அதிகாரம் உண்டு. 2011இல் வந்த சட்டத் திருத்தம் அந்த அதிகாரத்தை மேலும் விரிவாக்கியது.

எண்களைவிட என்னைக் கவர்ந்தது அதற்கு அடுத்து அவன் சொன்னது. 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், நிர்வாகத்தில் பங்கு வகிக்காத கவுன்சிலர்களைக் கொண்டு ஆய்வுக் குழு அமைக்கும் முறையை அங்கே கொண்டுவந்தது. முக்கியமான முடிவு எதையும் எடுப்பதற்கு 28 நாட்கள் முன்னதாக அறிவிக்க வேண்டும். எடுத்த முடிவு நடைமுறைக்கு வருமுன் அதை நிறுத்திவைத்து விசாரிக்க இந்தக் குழுவுக்கு வழி உண்டு. நிர்வாகத்தில் இருப்பவர்கள் குழுவின் முன் வந்து பதில் சொல்ல வேண்டும். இவ்வளவும் இருந்தும் அந்நாட்டின் பல கவுன்சில்கள் தவறியிருக்கின்றன. பர்மிங்காம் மாநகரம் தன் செலவுகளைச் சமாளிக்க முடியாமல் 2023இல் நிதி நெருக்கடி அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில் தர்ராக் என்ற கவுன்சில் முதலீட்டு இழப்புகளால் அதே நிலைக்கு வந்தது. ஆகவே ஆய்வுக் குழு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கண்காணிக்க வேண்டியவர்கள் யார், எந்த இடத்தில் தவறினார்கள் என்பதையாவது அந்த ஊர் மக்களால் சுட்டிச் சொல்ல முடிகிறது.

அடிப்படை வசதிக்கான நிதியிலும் இதே வேறுபாடுதான். இங்கிலாந்தில் புதிதாகக் கட்டுபவர்களிடம் உள்கட்டமைப்புக்கென்று வசூலிக்கும் தொகை அந்தக் கவுன்சிலிடமே இருக்கிறது. எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, எவ்வளவு மிச்சம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். அதில் 15 விழுக்காடு, கட்டடம் எழும் அந்தச் சிற்றூரின் மன்றத்துக்கே போகும். அவ்வூர் மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் தங்களுக்கென்று ஒரு திட்டம் வகுத்திருந்தால் 25 விழுக்காடு. தமிழ்நாட்டில் பெரிய கட்டடங்களிடம் வாங்கும் உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம் மாநில அளவிலான நிதிக்குப் போய்ச் சேர்கிறது. கடலூரில் ஒரு கட்டடம் எழுந்து, அதன் கழிவுநீர் கடலூரின் சாக்கடையில்தான் கலக்கிறது என்றாலும், அதற்கென வாங்கிய கட்டணத்தை எங்கே செலவிடுவது என்று முடிவு செய்யும் உரிமை கடலூர் மாமன்றத்துக்கு இல்லை. இதை ஒரு குறையாகவே நான் பார்க்கிறேன்.

கடலூரை உயர்த்திப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அங்கும் பத்து, இருபது தீர்மானங்கள் ஒரே மூச்சில் நிறைவேறும் கூட்டங்கள் உண்டு என்பதை அண்ணனே சொல்லியிருக்கிறார். நகரமைப்பின் பெரிய முடிவுகள் இன்னும் சென்னையிலுள்ள நகர ஊரமைப்பு இயக்ககத்தின் கையில்தான். இருந்தாலும் 2022இல் விதிகள் வந்தபிறகு, கவுன்சிலர் தலைமையிலான வார்டு குழுவும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபையும் காகிதத்திலிருந்து தெருவுக்கு வந்தன. நவம்பர் 1ஆம் தேதியை உள்ளாட்சி நாளாக அறிவித்து அன்று பகுதி சபைகளைக் கூட்டினார்கள். கெடிலம் ஆற்றங்கரையில் இருப்பவர்கள் மழைக்கு முன்பே வாய்க்கால் தூர்வாரும் பேச்சை எடுக்க, பெயரளவிலாவது அது ஒரு மேடை.

உழவர்கரை நகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 3,00,104. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243எஸ் பிரிவு. 104 பேரால் அந்த எல்லையைக் கடந்த நகரம் அது. கடந்து என்ன பயன்? வார்டு குழுவுக்கு முதலில் வார்டு கவுன்சிலர் வேண்டுமே. 1993 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம், பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பொருள்களை வரிசைப்படுத்தியது. அந்தப் பட்டியலின் முதல் பொருளே நகரத் திட்டமிடல். இங்கே அந்தப் பணியைப் புதுச்சேரியின் 1969ஆம் ஆண்டு நகர ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் நகர அமைப்புக் குழுமம் பார்க்கிறது. எந்தத் தெரு குடியிருப்பு, எந்தத் தெரு வணிகம், எத்தனை மாடி எழலாம் என்ற முடிவுகள் ஒரு கடையின் பிழைப்பையே மாற்றிவிடக் கூடியவை. ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது என்பது உண்மை. எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். எழுதிக் கொடுத்ததை எடுத்து வாதாட ஒருவர் இருப்பது வேறு.

2017 ஜூனில் புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்வானது. 2025 மார்ச்சில் முடிவுக்கு வந்த அந்தத் திட்டத்தின் அமைப்புப்படி மத்திய அரசு ஒரு நகரத்துக்கு ஐந்தாண்டுகளில் 500 கோடி ரூபாய் வரை தர வேண்டியிருந்தது, அதற்கு இணையான தொகையை அந்தந்த அரசு போட வேண்டியிருந்தது, பணத்தைச் செலவிட்டது அதற்கென்று தொடங்கப்பட்ட ஒரு கம்பெனி. மற்ற நகரங்களிலும் இந்தக் கம்பெனி முறை மாமன்றத்தைப் பக்கத்தில் ஒதுக்கிவைத்தது என்ற விமர்சனம் எழுந்தது. எங்களுக்கு ஒதுக்கிவைக்கவும் மாமன்றம் இல்லை. நேரு வீதியை ஒட்டிய பெரிய மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் வந்தபோது வியாபாரிகள் எதிர்த்துப் போராடினார்கள். புதிய கட்டடமே வேண்டாம் என்பதல்ல அவர்கள் பேச்சு. கட்டி முடியும்வரை எங்கே வியாபாரம் செய்வது, திரும்பி வரும்போது அதே அளவு கடை கிடைக்குமா, வாடகை எவ்வளவு, தரைக்கடை போடும் பெண்களின் கணக்கு எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பவை அவர்கள் கேட்ட நியாயமான கேள்விகள். மீனும் பூவும் காய்கறியும் விற்பவர்கள் விற்பனையை விட்டுவிட்டுச் சாலையில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. ஒரு நகர்மன்றத்தின் சாதாரணக் கூட்டத்தில், வரைபடத்தை மேசைமேல் விரித்து, முதல் மாதத்திலேயே பதில் பெற்றிருக்க வேண்டியவை அவை.

வெள்ளமும் அப்படித்தான். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர்ப் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, மக்களை மீட்க ராணுவம் வர வேண்டியிருந்தது. அவ்வளவு மழையை எந்த வடிகாலும் தாங்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பகுதிகள் தாழ்வானவை என்பது புயலன்று தெரியவந்த செய்தி அல்ல. சாதாரண மழைக்கே அங்கே முழங்கால் தண்ணீர் நிற்பதை நகரம் முழுவதும் அறியும். எந்த வாய்க்கால் எப்போது தூர்வாரப்பட்டது, அதற்கான தொகை எவ்வளவு, வேலை முடிந்ததை யார் பார்த்துக் கையெழுத்திட்டார் என்பதை ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன் வார்டு வாரியாகக் கேட்டுப் பதிவு செய்யும் வேலையை, முப்பது தொகுதிகளைக் கொண்ட சட்டமன்றம் செய்ய முடியாது.

இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு ஒன்று உண்டு. புதுச்சேரியில் சுமார் 10 லட்சம் வாக்காளர்களுக்கு 30 சட்டமன்றத் தொகுதிகள். ஒரு தொகுதிக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் பேர். தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொறுப்பு. இங்கே எம்.எல்.ஏ.வே கவுன்சிலரைப் போல் காலையில் தெருவுக்கு வந்துவிடுகிறார், பிறகு தனியாக எதற்கு ஒரு மன்றம் என்று கேட்கிறார்கள். என் தொகுதி உறுப்பினரும் அழைத்தால் வருபவர்தான். அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் சாக்கடை அடைப்பை எடுத்துத் தருவதும், சாக்கடைக்கு ஒதுக்கிய நிதியின் கணக்கை ஆராய்வதும் ஒரே வேலை அல்ல. முதலாவதை ஒரு தொலைபேசி அழைப்பில் முடிக்கலாம். இரண்டாவதற்கு ஆவணமும், கூட்டமும், பதிவும், மறுத்துப் பேசும் எதிர்த்தரப்பும் தேவை. மேலும், எல்லாக் கோரிக்கையும் ஒரே ஆளின் வாசலில் குவியும்போது, அவரை அணுக முடிந்தவருக்கு ஒரு நியாயமும் முடியாதவருக்கு வேறு நியாயமும் ஆகிவிடும். சிறு கடைக்காரர்கள் பெரும்பாலும் இரண்டாவது வரிசையில் நிற்பவர்கள்.

இந்திரா காந்தி சிலைக்கும் ராஜீவ் காந்தி சிலைக்கும் இடையில் வரவிருக்கும் மேம்பாலத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 4 கிலோமீட்டர் நீளம், 436 கோடி ரூபாய் மதிப்பு. 2025 அக்டோபரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அடிக்கல் நாட்டினார். அந்தச் சந்திப்புகளில் மாட்டிக்கொண்டு தவித்த எவரும் இந்தப் பாலத்தை வரவேற்பார்கள், நானும் வரவேற்கிறேன். ஆனால் தூண் எழும் காலம் முழுவதும் இருபுறமும் உள்ள டீக்கடை, டயர் கடை, உணவகம், மருந்துக் கடை ஆகியவற்றின் வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. தகரத் தடுப்புக்குப் பின்னால் கடை இருப்பதே கண்ணில் படாது. வியாபாரம் பாதியானாலும் கட்டட வரி பாதியாகாது, உரிமக் கட்டணமும் குறையாது. இத்தகைய கடைகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட நீளத்துக்குள், எழுதப்பட்ட விதியின்படி வரிச் சலுகை தர வேண்டும் என்பது என் கருத்து. யாருக்கு, எவ்வளவு, எத்தனை மாதம் என்பதைப் பொதுவில் விவாதித்து முடிவு செய்ய வேண்டும். அதனால் நகராட்சிக்கு ஏற்படும் இழப்பை யார் ஈடு செய்வார் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுத வேண்டும். இழப்பை எண்ணாமல் கொடுக்கும் தள்ளுபடி, அடுத்த ஆண்டு துப்புரவுப் பணியாளரின் சம்பளத் தாமதமாகத் திரும்பி வரக்கூடும். அதை விரும்பும் வணிகன் நான் அல்ல.

தேர்தல் நடந்தால் மத்திய நிதி கொட்டும் என்றும் நான் யாருக்கும் ஆசை காட்ட மாட்டேன். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு நாட்டின் உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியம் 4,36,361 கோடி ரூபாய். அதில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென்று 1,21,055 கோடி. கடலூருக்கு அதில் பங்கு உண்டு. புதுச்சேரிக்கு இல்லை, ஏனென்றால் நிதிக்குழுவின் வரம்பில் மாநிலங்கள் மட்டுமே வருகின்றன. ஒன்றியப் பகுதியான நாங்கள் மத்திய அரசின் தனி மானியத்தை நம்பியிருக்கிறோம். நிதிக்குழுவில் சேர்க்க வேண்டும் என்று எல்லாக் கட்சிகளும் ஆண்டுக்கணக்கில் கேட்டுவருவது சரியான கோரிக்கைதான். ஆனால் வெளியிலிருந்து வரும் பணம் குறைவாக இருக்கும்போது, உள்ளூரில் வசூலாகும் ஒவ்வொரு ரூபாயையும் கேள்வி கேட்பதற்கான தேவை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

தேர்தலுக்குத் தடையாகச் சொல்லப்படுவது இட ஒதுக்கீட்டுச் சிக்கல். 2021 செப்டம்பரில் தேர்தல் அறிவிக்கப்பட்டது; வார்டு ஒதுக்கீட்டை எதிர்த்து வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின; அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது; மறுபடி அறிவித்ததும் நின்றுபோனது. பிற்படுத்தப்பட்டோருக்கு உள்ளாட்சியில் இடம் ஒதுக்க வேண்டுமானால், தனி ஆணையம் அமைத்து விவரம் திரட்ட வேண்டும், ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் விகிதத்தைத் தனியே குறிக்க வேண்டும், மொத்த ஒதுக்கீடு 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் வரையறுத்தது. அந்த ஒதுக்கீடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது சமூக நீதியின் பகுதி. ஆனால் அதே நீதிமன்றம் 2022 மே மாதம், இந்தப் பணி முடியவில்லை என்பதைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் கூறியது. நகராட்சியின் ஐந்தாண்டுக் காலம் முடியுமுன் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 243யு பிரிவு. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஆணையத்தின் விவரத் திரட்டலைக் குறித்த கெடுவுக்குள் முடித்து, ஒதுக்கீட்டோடு தேர்தலை நடத்துவதே அரசின் கடமை என்று எனக்குப் படுகிறது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்தக் கடமை ஒன்றுதான். 2011க்குப் பிறகு ஆண்ட எந்த அணியும் இதை நிறைவேற்றவில்லை.

வணிகர் சங்கங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு முன்பும் நாங்கள் கோரிக்கை மனு எழுதுகிறோம். உரிமக் கட்டணத்தைக் குறையுங்கள், அபராத வட்டியைத் தள்ளுங்கள், வாகன நிறுத்துமிடம் அமையுங்கள் என்று ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே வரிகள். சில ஆண்டுகளில் ஏதாவது கிடைக்கிறது. சில ஆண்டுகளில் மனு போன இடம் தெரிவதில்லை. எங்கள் சங்கத்தின் கடந்த கூட்டத்தில், இந்த முறை மனுவின் முதல் கோரிக்கையாக உள்ளாட்சித் தேர்தலின் தேதியையும், இரண்டாவதாக மேம்பாலப் பணியால் பாதிக்கப்படும் கடைகளுக்கான எழுத்துப்பூர்வமான வரிச் சலுகை விதியையும் வைக்க வேண்டும் என்று கேட்டேன். அரசியல் பேச வேண்டாம் என்று சிலர் தயங்கினார்கள். வரி கட்டுபவர் கணக்குக் கேட்பது அரசியல் என்றால் அதைப் பேசித்தான் ஆக வேண்டும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து ஆதரித்தார். அடுத்த கூட்டத்தில் அதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். வரைவை எழுதி முடித்துவிட்டேன், சட்டப் பிரிவுகளைச் சரிபார்க்க ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறேன்.